காது கேளாத காருக்கும் வரி கட்டியவன் எழுதுவது

வாகனங்களை நாட்டுக்குள் விடவும் விடாமல் மறிக்கவும், அவற்றுக்கு வரி விதிக்கவும், வானத்து அலைவரிசைகளைப் பங்கிட்டுக் கொடுக்கவும் அதிகாரம் படைத்த கொழும்புப் பெரியோர் அனைவருக்கும்,

கொக்கிளாயில் வாடகைக் கார் ஓட்டுபவன் எழுதிக்கொள்வது. எந்தத் திணைக்களத்துக்கு எழுதுவதென்று தெரியாதபடியால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். வாகனத்தைப் பற்றி எழுதினால் அது அலைவரிசைக்காரர் பாடு என்பீர்கள். அலைவரிசையைப் பற்றி எழுதினால் சுங்கத்துக்கு அனுப்பிவைப்பீர்கள். ஆகவே கடிதத்தை நீங்களே சுற்றுக்கு விடுங்கள். கடைசியில் தேத்தண்ணிக் கறையோடு அது எவருடைய மேசையில் தங்கிவிடுகிறதோ, அவரையே பொறுப்பான உத்தியோகத்தராக நான் ஏற்றுக்கொள்கிறேன்.

விடயம்: எனது காரின் ஓக்ஸ் ஓட்டை.

உங்கள் கோப்புகளில் இப்படியொரு தலைப்பு இருக்காது. டாஷ்போட்டில் சிகரெட் லைற்றர் குழிக்குப் பக்கத்தில் 3.5 மில்லிமீற்றர் அளவில் ஒரு துவாரம் இருக்கும். கைபேசியிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து அதில் குத்தினால் கைபேசிப் பாட்டு கார் ஸ்பீக்கரில் கேட்கும். ஜப்பான்காரர் இதை ஓர் உபரி வசதியாகத்தான் வைத்தார்கள். இலங்கைக்கு வந்து இறங்கியதும் காருக்கு இருக்கும் ஒரே காது அதுவாகிவிடுகிறது.

காரணம் சின்னது. ஜப்பானில் எஃப்.எம். வானொலி 76இல் தொடங்கி 90 மெகாஹேர்ட்ஸில் முடிந்துவிடும். அதற்கு மேலே 90 முதல் 108 வரை அவர்கள் பழைய தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகளை ஓடவிட்டிருந்தார்கள். அந்தத் தொலைக்காட்சி நின்ற பிறகு, 2014இல்தான் வானொலியை 95 வரை நீட்டினார்கள். எங்கள் நாட்டு எஃப்.எம். நிலையங்களோ 87.5க்கும் 108க்கும் இடையில் குடியிருக்கின்றன. ஆகவே ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வரும் பழைய காரின் றேடியோ, எங்கள் நாடு வாய் திறக்கும் இடத்தில் காதைப் பொத்திக்கொள்கிறது. அவர்களும் எங்களைப் போல வீதியின் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது என்பதால் அவர்களுடைய பழைய கார்களை விரும்பி வாங்கினோம். ஸ்டியரிங்கைப் பார்த்தவர்கள் பக்கத்திலிருந்த றேடியோவைப் பார்க்கவில்லை.

கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசெம்பர் 16ஆம் திகதி. நூறு வருடத்துச் சொத்து. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே உண்டு. கடல் தாண்டிக் கேட்ட அந்த வானொலி, உங்கள் துறைமுகத்தில் இறங்கி நிற்கும் காருக்குக் கேட்பதில்லை.

காரை நீங்கள் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். என்ஜின் கொள்ளளவைக் கன சென்ரிமீற்றர் கணக்கில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் தீர்வை போடுகிறீர்கள். சுங்கவரி, அதற்கு மேல் மேலதிக வரி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி வைத்து 18 வீதம் பெறுமதிசேர் வரி. 2020 மார்ச்சில் இறக்குமதியையே மறித்தீர்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி விட்டீர்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார் விலை புதிய கார் விலையைத் தாண்டி ஏறியது. என்னுடையதை நான் வாங்கியது அப்போதுதான். இத்தனை அளவைகளுக்கும் நடுவில், இந்த றேடியோவுக்கு இந்த நாடு கேட்குமா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். காது கேளாத காருக்கு வரிக் கழிவு ஏதும் உண்டா என்று விசாரித்தேன். அப்படியொரு பிரிவு இல்லையாம்.

வழி இல்லாமலில்லை என்பீர்கள். உண்டு. ‘பாண்ட் எக்ஸ்பாண்டர்’ என்றொரு தீப்பெட்டி அளவுச் சாமான் கடைகளில் விற்கிறார்கள். அன்ரெனா வயருக்கும் செற்றுக்கும் நடுவில் அதைப் பூட்டினால், மேலே உள்ள நிலையங்களைப் பத்துப் பதினைந்து மெகாஹேர்ட்ஸ் கீழே இறக்கிக் கொடுக்கும். அறிவிப்பாளர் ஓர் எண்ணைச் சொல்வார், திரை வேறோர் எண்ணைக் காட்டும். அரசாங்கம் சொல்லும் கணக்கும் கடையில் கேட்கும் விலையும் போல இரண்டும் தங்கள்பாட்டில் இருக்கும். கொழும்பில் கோபுரத்துக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு அது நன்றாக வேலை செய்யலாம். நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடி. கொக்குத்தொடுவாய் தாண்டும்போதே இரைச்சல் தொடங்கிவிடும்.

திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. பற்றியைக் கழற்றிப் பூட்டினால் வரைபட அட்டையைக் கொண்டுவா என்று முரண்டு பிடித்து, பாட்டையே நிறுத்திவிடும் செற்றுகளும் உண்டு. என்னுடையது அந்த அளவுக்குக் கெட்டதல்ல. எந்தப் பொத்தான் எதற்கு என்பதை இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். இது பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. விளங்காத மொழியில் வரும் அறிவித்தலைப் பார்த்து, முத்திரையையும் கையெழுத்தையும் வைத்தே விடயத்தை ஊகிக்கிற பயிற்சியை நீங்கள் எங்களுக்கு நிறையவே தந்திருக்கிறீர்கள்.

இனிப் பழுதுக்கு வருகிறேன். ஒருநாள் பாட்டைப் போட்டால் வாத்தியம் மட்டும் கேட்கிறது. மேளம் இருக்கிறது, வயலின் இருக்கிறது, பாடுகிற ஆளைக் காணவில்லை. பின் சீற்றிலிருந்த அம்மா, “தம்பி, உது செத்தவீட்டுக்குப் போடுற மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். வயரை மாற்றிப் பார்த்தேன், கைபேசியை மாற்றிப் பார்த்தேன், பாடகர் திரும்பவில்லை. ஆனால் கைபேசியைக் காரிலேயே சார்ஜ் போட்டால் உடனே குரல் வந்துவிடும். கூடவே என்ஜினின் ஊளையும் வரும். மிதிக்க மிதிக்க ஊளை ஏறும்.

ஊரில் படகு என்ஜின் திருத்தும் பெடியனிடம் கொண்டுபோனேன். உப்புக்காற்றில் வயர் படும் பாடு அவனுக்குத்தான் தெரியும். பாட்டைக் கேட்டதும், கழற்றிப் பார்க்காமலே, “அண்ணை, உதுக்கு எர்த் விட்டுட்டுது” என்றான். அவன் விளங்கப்படுத்தியது இதுதான். வயரில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக எர்த் ஒன்று என மூன்று வழிகள் இருக்கின்றன. பொது எர்த் அறுந்தால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். வாத்தியங்களைப் பதிவு செய்யும்போது ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் வைப்பார்கள், அவை தப்பிவிடும். பாடகரின் குரலை நட்டநடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். அது ஒன்றையொன்று கழித்து இல்லாமற்போகும். சார்ஜர் வயர் வழியாகக் கார் பொடியின் எர்த் கிடைத்தால் குரல் வரும். ஆனால் அந்த வழியாக டைனமோவின் இரைச்சலும் ஏறிவிடும்.

அரசாங்கக் கச்சேரியில் நடக்கும் கூட்டங்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின. குத்துவிளக்கு, மாலை, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் அறிக்கையில் துல்லியமாக வரும். எல்லாத் தரப்பும் ஒரே மாதிரி எழும்பிச் சொன்ன சங்கதி மட்டும் வராது.

செற்றைக் கழற்றினோம். ஓட்டைக்குப் பின்னால் எர்த் காலில் ஈயம் வெடித்து, பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. உப்பு பாதி, றோட்டு மீதி. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்கு 40 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். மாரியில் குழி எது, தெரு எது என்று சொல்லத் தெரியாது. களப்பு முகத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை. கண்ணுக்குத் தெரியும், காருக்குத் தெரியாது. பாலம் பற்றிய பேச்சு மட்டும் கனகாலமாக நடக்கிறது. அதனால் ஊரைச் சுற்றிக் குலுங்கிக் குலுங்கித்தான் போகிறோம், குலுக்கத்தில் ஈயம் வெடிக்கிறது. ஸ்பீக்கரையும் கழற்றிப் பார்த்தால் காந்தத்தைச் சுற்றிக் கறுத்த மணல். எங்கள் கரையின் இல்மனைற் மணல். காந்தத்தைக் காட்டித்தான் அதைப் பிரித்தெடுக்கிறார்கள். கப்பலில் ஏறிப்போன மணலுக்கு நீங்கள் கணக்கு வைத்திருப்பீர்கள். என் ஸ்பீக்கரில் ஒட்டியிருப்பது உங்களுடையது என்றால் ஆள் அனுப்புங்கள், தந்துவிடுகிறேன்.

பெடியன் களிம்பைச் சுரண்டி, புது ஈயம் வைத்து, எர்த்துக்குத் தனியாக ஒரு வயரும் இழுத்துவிட்டான். குரல் திரும்பிவிட்டது. அப்படியானால் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள்.

எங்களுக்கு எல்லாவற்றையும் சமாளிக்கத் தெரிந்திருப்பதுதான் முறைப்பாடே. 1984 கடைசியில் இந்த ஊரை விட்டு எழும்பினோம். போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் திரும்பிக் காலடி வைத்தோம். இடையில் வன்னியில், பொருளாதாரத் தடைக்காலத்தில், பற்றி தடை, பெற்றோல் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் உலகச் செய்தியும் களைக்கும். காபரேற்றருக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஏமாற்றிவிட்டு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி இன்று மேடைகளில் புகழ்ந்து பேசுகிறார்கள். புகழைக் கேட்கப் பயமாக இருக்கிறது. சமாளிக்கத் தெரிந்தவனுக்கு எதுவும் செய்துகொடுக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு நீங்கள் வந்துவிட்டீர்களோ என்று ஐயப்படுகிறேன். நாடு முழுக்க எத்தனையோ கார்களின் கேள்விப் புலனை ஒரு திணைக்களமும் பார்க்காமல், கடைக்காரரும் படகு மெக்கானிக்குமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓக்ஸில் நான் கொண்டுபோவதுதான் கேட்கும். என் கைபேசியில் ஏற்கெனவே உள்ள பாட்டு, நேற்றுப் பதிந்த பேச்சு. வெளியிலிருந்து எனக்குச் சொல்லவேண்டியது எதுவும் அதன் வழியே வராது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, எங்கள் ஊருக்குச் சற்றுத் தெற்காகத்தான் கரையேறியது. அப்படியான இரவில் மின்சாரம் போய், கைபேசிக் கோபுரமும் படுத்துவிட்டால், தனக்கென்று ஒரு பற்றியோடு முற்றத்தில் நிற்கும் வானொலி காரிலிருப்பதுதான். கடலுக்குப் போனவர்களின் வீட்டுக்காரர் காரைச் சுற்றி நிற்பார்கள். நான் அவர்களுக்குப் பழைய பாட்டுத்தான் போடமுடியும். இம்முறை பாடகர் குரலோடு.

ஆகவே எனது விண்ணப்பம் பெரியதல்ல. இறக்குமதிப் பத்திரத்தில், என்ஜின் கொள்ளளவுக்குக் கீழே, இந்த வாகனத்தின் வானொலி 87.5 முதல் 108 வரை எடுக்குமா என்று ஒரு வரி சேருங்கள். எடுக்காவிட்டால், துறைமுகத்தை விட்டு வெளியே வருமுன் இறக்குபவரே சரியான செற்றைப் பூட்டட்டும். ஏற்கெனவே வந்துவிட்ட கார்களுக்கு, வாங்கிய வரியிலிருந்து ஒரு செற்றின் விலையைத் திருப்பித் தாருங்கள். பாலத்தையும் றோட்டையும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. அவற்றுக்கு வேறு கோப்பு உங்களிடம் இருக்கிறது, அதைத் தேடும் வேலையையும் தந்து உங்களைக் களைக்கப்பண்ண மாட்டேன்.

இப்படிக்கு,
கொக்கிளாய் வாடகைக் கார்க்காரன்

பி.கு.: பதில் அனுப்புவதாக இருந்தால் தமிழில் அனுப்பவும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி அதுவும் இந்நாட்டின் அரசகரும மொழி.