துறைமுகம் எங்கே?

கோயம்புத்தூரிலிருந்து தங்கையும் மாப்பிள்ளையும் திருப்பதி போகும் வழியில் ஒரு நாள் வருகிறார்கள். ‘துறைமுகம் பார்க்கணும்’ என்கிறார்கள். உள்ளே விடமாட்டார்களே, எங்கே கூட்டிப்போக?
– ஒரு வாசகி, பம்மல்

மெரினாவுக்கு! சுண்டல் வாங்கிக்கொண்டு அவர்கள் உட்காரப்போகும் மணலே துறைமுகம் சேர்த்துவைத்ததுதான். ஆண்டில் பல மாதங்கள் கடல் நீரோட்டம் நம் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். 1881 புயல் அதை நொறுக்கியது. விடாமல் மறுபடி கட்டினார்கள். சுவர் மறித்த மணல் தெற்கே தங்கித் தங்கி மெரினா அகன்றது. ‘கடற்கரை அதற்கு முன்பே இருந்ததே’ என்று மாப்பிள்ளை கேட்கலாம். இருந்தது, ஒடுங்கலாக. ஒரு காலத்தில் ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலையே அலை தொட்டது. இன்று அதே மதிலிலிருந்து கடல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு திரும்பிவிடாதீர்கள். மெரினாவிலிருந்தே ஆட்டோவில் ராயபுரம், காசிமேடு போங்கள். வடக்கே போகவேண்டிய மணல் தெற்கிலேயே நின்றுவிட்டதால் அங்கே கரையைக் கடல் அரித்தது. மணல் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். நாம் காற்று வாங்கும் மணலுக்கு மீனவர் குடியிருப்புகள் கொடுத்த விலை அது. மெரினாவை மட்டும் காட்டினால் விருந்தாளிகளுக்குப் பாதித் துறைமுகத்தைத்தான் காட்டியிருப்பீர்கள்.