ப-வுக்குப் பின்னால் ஒரு புள்ளி

ஆய்வேட்டை ஐயா முன்பக்கத்திலிருந்து திறந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்பைரல் பைண்டிங் போட்ட கட்டை மாணவர் இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டுவார். ஐயா வாங்கி, குப்புறப் போட்டு, பின் அட்டையைத் திறப்பார். துணைநூற்பட்டியல் வந்ததும் முகத்தில் ஒரு தெளிவு. சட்டைப்பையிலிருந்து சிவப்பு மைப் பேனா வெளியே வரும்.

"ஐயா, மூணாம் இயல்ல கொஞ்சம் புதுசா ஒண்ணு சொல்லிப் பாத்திருக்கேன்..."

"இயல் எங்கயும் ஓடிடாதுப்பா. இது என்ன, மு.வ.வுக்கு அப்புறம் கமாவைக் காணோம்?"

"புள்ளி இருக்கே ஐயா."

"புள்ளி வ-வுக்கு. கமா மு.வ.வுக்கு. ரெண்டும் வரணும்."

தமிழ்த் துறைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு ஐயாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அவ்வளவுதான். பேனாவின் நிறம் மாறாது.

அவருடைய உயிர் இருப்பது பக்க எண்ணுக்கு முன்னால் வரும் 'ப' என்ற எழுத்தையடுத்த புள்ளியில். ஒரு பக்கம் என்றால் ப. போட வேண்டும், பல பக்கம் என்றால் பக். போட வேண்டும். இது எல்லாரும் ஒப்புக்கொண்டதுதான். ஆனால் அந்தப் புள்ளிக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி உண்டா இல்லையா என்பதில் ஐயாவுக்குத் தனிக்கொள்கை உண்டு. அது மாதத்துக்கு மாதம் வளரும். மார்ச் மாதம் இடைவெளி விட்ட இடமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். மாணவர் டிடிபி சென்டரில் பழியாய்க் கிடந்து, முந்நூறு பக்கத்திலும் இடைவெளியை எடுத்துவிட்டு ஜூனில் வந்து நிற்பார். "என்னப்பா இது, எழுத்தும் எண்ணும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது? கொஞ்சம் மூச்சு விட இடம் குடு" என்பார் ஐயா. போன வருடம் அவரே கையெழுத்திட்டு அனுப்பிய ஏட்டை எடுத்துக் காட்டினால், "அது அப்போ" என்ற இரண்டு சொல்லில் வழக்கு முடிந்துவிடும்.

டிடிபி சென்டரின் கதை தனி. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது புள்ளிகளும் காற்புள்ளிகளும் இடம் மாறி உட்காரும். அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு எல்லா நெறியாளர்களின் விருப்பு வெறுப்பும் மனப்பாடம். "அந்த ஐயாவா? அவருக்கு ஊருக்கப்புறம் முக்காற்புள்ளி" என்று கேட்காமலே போட்டுக் கொடுத்துவிடுவார். முனைவர் பட்டத்தில் பாதியை அவருக்குத்தான் பிரித்துத் தர வேண்டும்.

"எம்.எல்.ஏ. முறைப்படி செஞ்சுட்டு வா" என்று ஐயா சொன்னதும், பட்டத்துக்குத் தொகுதி உறுப்பினரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டும்போல என்று திகைத்த புதுமாணவர்கள் உண்டு. ஐயா சொல்வது அமெரிக்காவின் நவீன மொழிக் கழகம் வெளியிடும் கையேட்டை. அந்தக் கையேடு 2009ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நூற்பெயருக்கு அடிக்கோடு வேண்டாம், சாய்வெழுத்துப் போதும் என்று சொல்லிவிட்டது. 2016இல் பதிப்பிடத்தையும் பொதுவாக விட்டுவிடலாம் என்றது. உளவியலாரின் ஏ.பி.ஏ. முறை 2019இல் ஊர்ப் பெயரைக் கைவிட்டது. ஐயாவிடம் இருப்பதோ அவருடைய நெறியாளர் கொடுத்த ஜெராக்ஸ். அதில் அடிக்கோடு இருக்கிறது, ஊரும் இருக்கிறது. ஆகவே "சென்னை எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஊர்ச் சிக்கலில் அவரை மிஞ்சியது ஒரே ஒரு பதிப்பகம். 1920இல் தொடங்கிய அதன் முழுப்பெயர் திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம். நூலில் போட்டிருக்கும் ஊர் சென்னை. ஒரு வரியில் இரண்டு ஊர் எதற்கு என்று ஒரு மாணவர் திருநெல்வேலியை நீக்கினார். ஐயா பதறிப்போய்த் திருநெல்வேலியை மீட்டார். இன்னொருவர் சென்னையை நீக்கினார். அதையும் மீட்டார். இந்த ஓர் இடத்தில் ஐயா சொன்னதுதான் சரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயர்களை அகரவரிசைப்படுத்துவதில் உ.வே.சா. உ-வில் வருவாரா சா-வில் வருவாரா என்ற விவாதம் ஒரு வாரம் ஓடும். அதை விடுங்கள். 'மேலது'க்கு வருவோம்.

முந்தைய குறிப்பில் சொன்ன நூலையே அடுத்த குறிப்பிலும் சொன்னால் 'மேலது' என்று போட்டுப் பக்க எண் கொடுப்பது மரபு. ஐயாவுக்கு இதில் கொள்ளை ஆசை. ஒரு பக்கத்தில் நான்கு மேலது வரிசையாக நின்றால் கண் குளிர்ந்துவிடும். வினை என்னவென்றால், பன்னிரண்டாம் குறிப்பில் ஒரு புதுக்கவிதை விமர்சன நூல் இருக்கும்; பதின்மூன்று முதல் பதினாறு வரை மேலது, மேலது என்று போகும். கடைசி நேரத்தில் ஐயா, "இங்க நச்சினார்க்கினியரையும் ஒரு வார்த்தை சொல்லிடுப்பா" என்பார். பன்னிரண்டுக்குக் கீழே பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வந்து உட்காருவார். அந்தக் கணத்திலிருந்து கீழேயுள்ள மேலதுகள் அத்தனைக்கும் அவர்தான் சொந்தக்காரர். புதுக்கவிதையின் படிமத்தைப் பற்றி நச்சினார்க்கினியர் நாலு இடத்தில் கருத்துச் சொன்னதாக ஏடு பல்கலைக்கழகத்துக்குப் போகும். மேலதுக்குப் பின் காற்புள்ளி இருந்ததா என்றால், இருந்தது. சிகாகோ கையேட்டின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு மேலதுவின் லத்தீன் அண்ணனான 'இபிட்'டைத் தவிர்க்கச் சொல்லி, சுருக்கக் குறிப்பையே போடு என்கிறது. ஐயாவின் ஜெராக்ஸ் அதற்கும் முந்தியது.

திருக்குறளுக்குக்கூட அவருக்குப் பக்க எண் வேண்டும். குறள் 391 என்றால் அநேகமாக எந்தப் பதிப்பில், எந்த நாட்டில் திறந்தாலும் அதே குறள்தான். புறநானூறு 192 என்றாலும் அப்படியே. "பாட்டு எண் சரி. பக்கம்?" என்பார். இதற்காகவே ஒரு பதிப்பைத் தேடிப் பிடித்துப் பக்கம் போட வேண்டும்.

சுவடியில் மெய்யெழுத்துக்குக்கூடப் பொதுவாகப் புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்பதற்காக. கமாவும் கிடையாது, பத்தியும் கிடையாது. அப்படிப்பட்ட ஏடுகளைப் படித்து 1894இல் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார் உ.வே.சா. அவர் பெயரில் அறக்கட்டளைச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு வரும் ஐயா, புள்ளி இல்லை என்பதால் மாணவரின் ஏட்டைப் படிக்காமல் திருப்பி அனுப்புகிறார்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், அவருடைய நச்சரிப்பில் நல்லதும் நடக்கிறது. பதிப்பாண்டு இல்லாத பதிவை அவர் ஏற்பதில்லை. அதற்காகப் பிள்ளைகள் தரமணிக்குப் போய் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நூலின் முகப்புப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். அங்கே ஆங்கில ஆண்டு இல்லாமல் 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகிற அந்தப் பெயர் எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்று முன்னுரையில் துப்புத் தேடுகிறார்கள். நூலைத் தொடாமலே அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்த பையன், ஆண்டைத் தேடப் போய் நூலையே படித்துவிட்டு வந்த அதிசயத்தையும் பார்த்திருக்கிறேன். கையில் காசில்லாத மாணவிக்குத் தன் அலமாரியைத் திறந்துவிட்டு, "எடுத்துட்டுப் போம்மா, எப்ப வேணாலும் குடு" என்று சொல்பவரும் இதே ஐயாதான். திரும்பி வரும் நூலில் மடங்கிய பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார், அது வேறு.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ஐந்து வருடம் ஒரு பெண் உழைக்கிறாள். மூன்றாம் இயலில் தனக்கென்று ஒரு கருத்தைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். அது சரியா, தப்பா, அசட்டுத்தனமா என்று சொல்ல ஒருவர் இல்லை. வைவாவுக்கு வரும் புறத்தேர்வாளரும் ஐயாவின் சாதிதான். வந்ததும் குப்புறப் போட்டுத்தான் திறக்கிறார். "இருநூத்திப் பதினொண்ணாம் பக்கத்துல அடைப்புக்குறி மூடலையேம்மா" என்கிறார். அவள் தலைகுனிந்து, "திருத்திடறேங்கய்யா" என்கிறாள். கைதட்டல், டீ, மிக்சர், பொன்னாடை. மூன்றாம் இயலைத் தட்டச்சு செய்த டிடிபி பெண் மட்டும் படித்திருப்பார்.

பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதி கொண்டுவந்தது. ஏட்டை மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அந்தக் கணக்கில் துணைநூற்பட்டியல் சேராது. அதாவது மென்பொருள் விட்டுவிடும் பகுதியை ஐயா படிக்கிறார். ஐயா விட்டுவிடும் பகுதியை மென்பொருள் படிக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஏடு முழுக்கப் படிக்கப்பட்டதாகக் கணக்கு நேராகிவிடும்.

இத்தனை சிவப்பு மையிலும் நடக்காத வேலை ஒன்று உண்டு. குறிப்பில் 45ஆம் பக்கம் என்று போட்டிருந்தால், அந்த நூலின் 45ஆம் பக்கத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. முந்தைய ஏட்டிலிருந்து குறிப்பை அப்படியே பெயர்த்து வைக்கிறார்கள். அதில் பக்கம் தப்பாயிருந்தால் தப்பு அடுத்த ஏட்டுக்குக் குடியேறுகிறது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. புள்ளி மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் வருகிறது. வாசகர் போய்ச் சரிபார்ப்பதற்காக ஏற்பட்டதுதான் அடிக்குறிப்பு. அதைச் சரிபார்க்கும் பதவியில் இருப்பவரே அதன் அலங்காரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அப்புறம் யாரைக் கேட்பது?

ஐயா, ஒரு விண்ணப்பம். அடுத்த ஏடு உங்கள் மேசைக்கு வரும்போது, ஏதாவது ஒரு குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் உங்கள் அலமாரியிலேயே இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பிள்ளை சொன்னது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்றாம் இயலையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். புள்ளியை டிடிபி சென்டரில் போட்டுக்கொள்ளலாம்.