மலிவு விலையில் மனசாட்சி

போர்க்காலத்தில் தொற்றுநோய் ஆராயும் விஞ்ஞானிக்கு, நோயைத் தடுப்பதா ஆயுதமாக்குவதா என்று பெரிய தர்மசங்கடமாம். ஜப்பானிய ராணுவ மருத்துவர் ஷிரோ இஷியிடம் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஜப்பானியப் படை பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவில், ஹார்பினுக்கு அருகே பிங்ஃபாங்கில், அவர் வாசலில் மாட்டிய பெயர் 'தொற்றுநோய்த் தடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்புத் துறை'. எவ்வளவு புண்ணிய காரியம்! உள்ளே இருந்தது 731-ஆம் பிரிவு. பிடித்து வந்தவர்களுக்கு பிளேக்கையும் காலராவையும் ஏற்றி, உயிர் துடிக்கும்போதே வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். அங்கே செத்தவர்கள் குறைந்தது 3,000 பேர். 1940-இல் நிங்போ நகரத்தின் மேல் விமானத்திலிருந்து கோதுமையோடு பிளேக் தெள்ளுப்பூச்சிகளையும் தூவினார்கள்.

மனசாட்சியே இல்லாதவர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதும்போது அது சட்டென்று விழித்துக்கொண்டது. சோதனைக்கு உள்ளானது மனிதன் என்று போடக் கூச்சப்பட்டு, 'குரங்கு' என்று போட்டார்கள்.

போர் முடிந்ததும் நீதி வந்தது. 1947 ஆகஸ்டில் நியூரம்பெர்க்கில் அமெரிக்க நீதிபதிகள், மனிதரைச் சோதிப்பதற்கு நெறிமுறை வகுத்து, நாஜி மருத்துவ வழக்கில் ஏழு பேரைத் தூக்குக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அதே அமெரிக்காவின் கேம்ப் டெட்ரிக் கிருமி ஆய்வகத்து எட்வின் ஹில், ஜப்பான் போய் 731-ஆம் பிரிவின் சோதனைத் தகவலோடு வந்து கணக்கு ஒப்புவித்தார்: 'மனிதரைச் சோதிக்க நமக்கு மனம் கூசுவதால் இந்தத் தகவல் நம் ஆய்வகங்களில் கிடைக்காது. ஜப்பானியரிடம் 2,50,000 யென்னுக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் பட்ட செலவோடு பார்த்தால் சொற்பக் காசு.' எப்பேர்ப்பட்ட உத்தமர்! கொலை செய்யத்தான் கூச்சம். கொலைகாரன் எழுதிய குறிப்பைப் பேரம் பேசி வாங்க ஒரு கூச்சமும் இல்லை. சரக்கு கைமாறியது, இஷி கூட்டத்தின் மேல் அமெரிக்கத் தரப்பில் வழக்கு இல்லை என்றாயிற்று.

இஷி 1959-இல் நோயில் படுத்துத்தான் செத்தார். கூட்டாளி ரியோய்ச்சி நைட்டோ ரத்த வங்கி தொடங்கினார். அதுதான் 'கிரீன் கிராஸ்' ஆனது. 1980-களில் அது விற்ற ரத்தப் பொருள்களால் ஹீமோபிலியா நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. பழக்கதோஷம்!

கிருமிக்குப் பலியானவர்கள் சார்பில் சீனர்கள் 180 பேர் டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2002-இல் தீர்ப்பு வந்தது. கிருமிப்போர் நடந்தது உண்மைதான் என்றார்கள் கனம் நீதிபதிகள். நஷ்டஈடு? தம்பிடி கிடையாது. செத்தவர்கள் ஆராய்ச்சிக் குறிப்பு எழுதி வைத்திருந்தால் ஏதாவது தேறியிருக்கும்.