சிமெண்டு இல்லாமக் களம் போட்ட பேரன்

அட அப்புனு, உன்ற சமத்தை என்னன்னு மெச்சறது! ஊருக்குள்ள ஒரு களம் போடோணும்னா சிமெண்டு, மணலு, கொத்தனாரு கூலின்னு சொத்தே கரையுது. நீ ஒத்தைப் பைசாச் செலவில்லாம ஆடு மேய்க்கற 4 ஏக்கர் கொரங்காட்டையும் களமாக்கிப்போட்டியே! அதும் 50 செம்மறியை மட்டும் உட்டு. கொள்ளு அடிக்க எடங் கேட்டு வர்றவங்களை இனி உன்றகிட்டயே அனுப்பி வெக்கறேன்.

மழை பேஞ்சாத் தண்ணி உள்ள எறங்காம ஓடுதாமா. உங்கம்மா வந்து சொல்லிக் கண்ணைக் கசக்குனா. மண்ணை டப்பாவுல அடைச்சு டெஸ்டுக்கு அனுப்பப் போறியாமா. அனுப்பு, வேண்டாங்கல. அதுக்கு முன்னால ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டுப் போயி, ஆட்டு வாயி எட்டாத கிளுவை வேலிச் சந்துல கவுத்து. நான் ஒரு வெத்தலை மடிக்கறதுக்குள்ள மண்ணு குடிச்சிரும். இன்னொரு சொம்பைக் கடவுகிட்டக் கவுத்து. வெத்தலையை மென்னு, துப்பி, சித்தெ கண்ணசந்து எந்திரிச்சாலும் அது அங்கயேதான் கெடக்கும்.

ஆட்டைத் திட்டாதே. செம்மறிக்கு மேல்தாடையில முன்பல்லே கெடையாது. கீழ்ப்பல்லையும் மேல் ஈறையும் வெச்சே தூரொட்ட நறுக்கிப்போடும். மாடு நாக்கால சுத்தி இழுக்கும், அடிக்கட்டையாவது மிஞ்சும். கொழுக்கட்டைப் புல்லு மறுக்காத் தழையறதுக்கான சேமிப்பை அந்தத் தூருலதான் வெச்சிருக்குது. தழைய உடாமக் கடிச்சுக்கிட்டே இருந்தா வேருக்குச் சோறு ஏது? ஒரு தூரைப் புடுங்கிப் பாரு, வேரு உன்ற சுண்டுவெரலைத் தாண்டியிருந்தா என்ற மீசையை எடுத்துடறேன். வேரு செத்தா மண்ணுல சந்து அடைபட்டுப் போவும். வெறும் மண்ணு மேல மழைத்துளி உளுந்து உளுந்து மெழுகிவுடும். அந்த ஈரங் காயறதுக்குள்ள 200 காலு மிதிச்சா, திமிசுக்கட்டை எதுக்கு?

புழுக்கையாவது காட்டுக்கு ஆவுதா? உச்சி வெயிலுக்கு அத்தனை ஆடும் அந்த ஒத்தை வெள்வேலா மரத்தடியில. மரத்துக்கு விருந்து, காட்டுக்குப் பட்டினி. ராத்திரிக்கும் வருசம் பூராம் ஒரே எடத்துலதான் பட்டி. போனைத் தூக்கிட்டே திரியற கைக்குப் படலைத் தூக்கி நகத்தறதுக்கு வலிக்குதோ?

மூலனூரு, தாராபுரத்துச் சீமையில காட்டைக் கிளுவை போட்டு மறிச்சு மறிச்சு வெச்சாங்களே, வேலியழகு பாக்கறதுக்கா? ஒண்ணுல மேய்ச்சா மத்தது மூச்சு உடும். ஐப்பசி மழைக்குத் தழைஞ்ச புல்லு வெதை கொட்டற வரைக்கும் ஒரு பக்கத்துக் கடவை நாங்க தொறக்கவே மாட்டோம். அப்பறம் ஆட்டை உட்டா, வெதையை மண்ணுல அமுக்கிக் குடுத்துட்டு வரும். கூலியும் கேக்காது. சில வருசத்துக்கொருக்கா உழுது சோளமும் வெதைப்போம்.

இதைக் கேட்டுட்டு ஆட்டையெல்லாம் ஓட்டிவுட்டுக் காட்டைப் பூட்டிராதே. உன்ற பங்காளி அப்படித்தான் பூட்டுனான். புல்லு முத்திச் சக்கையாச்சு, அக்கட்டால சீமைக்கருவேலு வாடகையில்லாமக் குடியேறிருச்சு.

பாதி ஆட்டை இந்தச் சந்தைக்கே தள்ளிரு. வெலை படியலீன்னா என்றகிட்ட ஓட்டிட்டு வா. என்ற காட்டுல முழங்கால் மட்டத்துக்குப் புல்லு நிக்குது, மேயறதுக்கு வாயில்ல. பேரனாச்சேன்னு பாத்து, யாவாரி கேட்டதுக்கு நூறு ரூவா கொறைச்சே எடுத்துக்கறேன்.