கட்டியவர்கள் வாழ்க

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியேறுவது என்று யோசிக்கும் தமிழர் பலரின் பேச்சு கடைசியில் கோயம்புத்தூரில் வந்து நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், பக்கத்திலேயே பெரிய மருத்துவமனைகள். காற்றும் தண்ணீரும் காலங்காலமாக இருந்தவைதான். அவற்றை வயதானவர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் விற்கலாம் என்று கண்டவர்கள் முதியோர் குடியிருப்புகளைக் கட்டும் நிறுவனத்தார். அந்தக் கூர்மைக்கே முதல் வாழ்த்து.

முதுமையை இவர்களைப் போல அங்குலம் அங்குலமாகப் படித்தவர்கள் குறைவு. வழுக்காத குளியலறைத் தரை, பிடித்து எழுந்துகொள்ளக் கம்பி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, தலைமாட்டில் அழைப்பு மணி. வயதானவர்கள் விழுவார்கள் என்பது நம் ஊர் நடைபாதைகளைப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை, இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வேளையும் பொதுச் சமையலறையில் சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியை விட்டு நகராத ஓர் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் இவர்களுடைய முழு மேன்மையையும் காண, விளம்பரப் புத்தகத்தை மூடிவிட்டு ஒப்பந்தப் பத்திரத்தைப் படிக்க வேண்டும். பல இடங்களில் குடியிருப்பவருக்கு 55 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் விருந்தாளியாக வரலாம். எத்தனை நாள் தங்கலாம் என்பதை நிர்வாகமே முடிவுசெய்து தருகிறது. 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க கண்ணு' என்று பாட்டி கெஞ்ச வேண்டிய சங்கடம் மிச்சம்.

வீடு, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்தவருக்கு. அவர் நன்றாக நடமாடும் காலம் முழுவதும் நிர்வாகம் கூடவே நிற்கிறது. நடை தளர்ந்து, நினைவு தப்பி, படுக்கையில் விழும்போதுதான் குடும்பப் பாசத்துக்குக் குறுக்கே நிற்க மனமில்லாமல் ஒதுங்கிக்கொள்கிறது. மகனுக்குத் தொலைபேசி போகும். இல்லையென்றால் தனிக் கட்டணத்தில் வேறொரு பராமரிப்புப் பிரிவு. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். அதை இத்தனை மரியாதையோடு, இத்தனை சரியான நேரத்தில் நினைவுபடுத்துகிறவர்கள் வேறு யார்?

மரணத்தோடும் உறவு அறுந்துவிடுவதில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் மாதப் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். நியூஜெர்சியில் இருக்கும் 40 வயது மகள் வாரிசாக அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி ஆகிவிடுவாள். குடியிருக்க வேண்டுமானால் இன்னும் 15 வருடம் பொறுக்க வேண்டும். அப்பாவை மாதந்தோறும் தேதி தவறாமல் நினைக்க வைக்கும் ஏற்பாடு நம் சடங்குகளில்கூட இல்லை.

அரசின் பெருந்தன்மையையும் சொல்லாமல் விடக்கூடாது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவரே தன் செலவில் சரிசெய்தாக வேண்டும். சுவருக்கு அவ்வளவு காவல். இரவில் மணி அடித்தும் செவிலியர் வராமல் போனால் என்ன செய்வது? 2019-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாதிரிதான் என்பதால் யார்மீதும் திணிக்கவில்லை. மாநிலங்கள் விரும்பியபோது எடுத்துக்கொள்ளலாம். எண்பது வயதுக்காரர்கள் அதுவரை பொறுத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை அரசுக்கு இருக்கிறது.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு உபசாரத்தில் ஒரு குறையும் இருக்காது. நூலகம், கோயில், நடைப்பயிற்சிப் பாதை என்று எல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் அறையை மட்டும் நீங்கள் கேட்டால்தான் காட்டுவார்கள். தற்பெருமை பிடிக்காத அடக்கம். ஆகவே கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த அறைக்கு என்ன கட்டணம், ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தச் சிரமங்கள் எதுவும் இல்லாமல் காப்பாற்றப்பட்டவர்கள், இந்த ஊரை வளர்த்த பஞ்சாலைத் தொழிலாளர்கள். பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாக வைக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கடந்தும் யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. அந்தத் தொகையை வாங்குகிறவருக்கு வடவள்ளியா, தொண்டாமுத்தூரா, இரண்டு படுக்கையறையா, மூன்றா என்ற குழப்பமே வராது. அவரையும் சட்டம் மறந்துவிடவில்லை. ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம் என்று அதே 2007 சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அமைத்தே தீரவேண்டும் என்று எழுதி எந்த மாநிலத்தையும் அது வருத்தவில்லை.