ஏற்றக் கூடாதவை

புதிய டீமில் சேர்ந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது, கிட்டில் ஏற்றக் கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் ஃபைலைத்தான். ரீட்மீ ஊர் பார்க்க எழுதியது. அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இதில்தான் வீட்டு ரகசியம். ‘டிஎஸ்-ஸ்டோர்’ என்றொரு வரி இருந்தால் யாரோ மேக் வைத்திருக்கிறார். ‘தம்ப்ஸ்-டிபி’ இருந்தால் விண்டோஸ்காரர். ‘பழசு’, ‘பழசு2’, ‘தொடாதே’ என்று வரிசையாக ஃபோல்டர்கள் இருந்தால் மேனேஜரும் கோட் எழுதுகிறார்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கெர்னலுக்காக கிட்டை எழுதினார். நோட்-மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டரை அப்போது அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தேதியை அழகாகக் காட்ட ஒரே ஒரு பேக்கேஜ் கேட்போம். பத்திரிகை வைத்தது ஒருவருக்கு, பந்திக்கு வருவது ஊரே. வந்தவர்கள் எல்லாம் உட்காருவது அந்த ஃபோல்டரில்தான். அதை விலக்குவதில் சண்டையே இல்லை. என்பிஎம் இன்ஸ்டால் அடித்தால் மறுபடி வந்துவிடும். சண்டை, எந்த வெர்ஷன் இறங்கியது என்று குறித்துவைக்கும் லாக் ஃபைலில். “மெர்ஜ் பண்றப்போ தொல்லை, அதையும் தூக்கிடலாமே” என்பார் ஒருவர். தூக்கினால் அவர் மெஷினில் ஒரு வெர்ஷனும் சர்வரில் வேறொன்றும் இறங்கும். அப்புறம் “என் மெஷின்ல ஓடுதே!”

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு குடியிருக்கும் என்வ் ஃபைலை எல்லாரும் விலக்குவார்கள், பெரும்பாலும் ஏற்றிய பிறகு. கிட் ஒரு ஃபைலைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால், அதன் பெயரை இந்தப் பட்டியலில் எழுதி ஒரு பயனும் இல்லை. கவனிப்பிலிருந்து நீக்கலாம்; பழைய கமிட்களில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். என்வ் ஃபைலில் என்னென்ன வேண்டும் என்று காட்டத்தான் மதிப்பு எதுவும் நிரப்பாத மாதிரி ஃபைல் ஒன்று தனியாக ஏற்றுவது வழக்கம். உதாரணம் நிஜமாக இருந்தால்தான் புரியும் என்று அதிலேயே உண்மையான பாஸ்வேர்டை எழுதிவைக்கும் நல்லவர்களும் உண்டு.

அப்லோட்ஸ் ஃபோல்டர் கதை இன்னும் வேடிக்கை. உள்ளே வரும் படங்கள் வேண்டாம், ஃபோல்டர் மட்டும் வேண்டும். காலி ஃபோல்டரை கிட் சேர்க்காது. ஆகவே கிட்கீப் என்றொரு வெற்று ஃபைலைப் போட்டுவைப்போம். அந்தப் பெயர் கிட்டுக்கே தெரியாது. முனியாண்டி என்று வைத்தாலும் வேலை செய்யும். ஃபோல்டரையே விலக்கிவிட்டு, ஆச்சரியக்குறி போட்டு முனியாண்டியை மட்டும் உள்ளே அழைத்தால் அவர் வரமாட்டார். ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும் வேண்டும். நட்சத்திரத்தை மறந்தவர்கள் அரை நாள் உட்கார்ந்து ஜாதகம் பார்ப்பார்கள்.

அவரவர் எடிட்டர் குப்பையைப் பொதுப் பட்டியலில் எழுத வேண்டியதில்லை. கிட் ஃபோல்டருக்குள் இன்ஃபோ, அதற்குள் எக்ஸ்க்ளூட் என்றொரு ஃபைல் இருக்கிறது. அதில் எழுதுவது யாருக்கும் போகாது. எங்கள் சீனியரிடம் பணிவாகச் சொன்னேன்.

“தெரியும் தம்பி. அதுல போட்டா நான் விம் யூஸ் பண்றது யாருக்குத் தெரியும்?”