சிபில் ஜாதகம்

பெண் பார்க்கப் போனால் நட்சத்திரம், ராசி கேட்ட பிறகுதான் காபி வரும். கார் ஷோரூமில் காபி முதலில், ஜாதகம் அப்புறம்.

"எந்தக் கலர் சார்?" என்று உருகிய தம்பி, என் பான் எண்ணைத் தட்டியதும் குரலைத் தாழ்த்தினார். "சிபில் 612 காட்டுது சார்."

கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று பார்க்க, 300-இல் தொடங்கி 900-இல் முடிகிற மதிப்பெண் இது. எவ்வளவு கெட்டுப்போனாலும் முந்நூறு நிச்சயம். என் பள்ளிக்கூடத்தில் இந்தத் தாராளம் இருந்ததில்லை. நான் செய்த பாவம்? ஒருமுறைகூடத் தேய்க்காத கிரெடிட் கார்டு. ஆண்டுக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 590 ரூபாய். தொடாத பொருளுக்கு எதற்குக் காசு என்று விட்டுவிட்டேன். அது வட்டி, அபராதம் என்று பிள்ளை குட்டிகளோடு பெருகியிருக்கிறது.

பிறந்ததிலிருந்து யாரிடமும் கடனே வாங்காத என் மாமா இன்னும் பாவம். அவருக்குக் கடன் வரலாறே கிடையாது. மைனஸ் ஒன்று என்று காட்டுகிறது.

"லோன் கிடைக்கும் சார். வட்டி மட்டும் கொஞ்சம் கூட. முன்பணமும் பாதி கட்டணும்." கட்ட மாட்டான் என்று சந்தேகிக்கப்படுகிறவனிடம்தான் கூடுதலாகக் கேட்பார்களாம். நொண்டிக் கழுதைக்கு இரண்டு மூட்டை.

கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. உங்கள் பீரோவிலும் ஏதாவது கார்டு தூங்கிக்கொண்டிருந்தால், ஷோரூம் காபிக்கு முன்னால் அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.